வன்சுட்டும் மென்சுட்டும்

தமிழிலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவன் முதற்கண் கற்பனவற்றுள் சுட்டெழுத்துக்களும் சில. அ, இ, உ என்னும் மூன்றும் முறையே சேய்மையிலும் அண்மையிலும் இடைமையிலும் உள்ள பொருள்களைச் சுட்டும். அவற்றினடியாகப் பிறந்த அவன், அவள், அது முதலியன சுட்டுப்பெயர்கள். இவை தமக்கெனத் தனிப்பொருள் உடையன அல்ல. தம்மால் சுட்டப்படும் பொருள் உள்ளவிடத்துப் பொருள் தரும். அஃது இல்லாவிடத்து வெற்றொலியாய் நிற்கும். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒரு வினைக்கு ஒருங்கு வருமிடத்துச் சுட்டுப்பெயரை முற்படக் கூறாது இயற்பெயரின் பின்னரே கூறுக என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விதித்ததன் கருத்தும் இதுவே போலும். பொருள் முன்னே நிற்க, அதனைச் சார்ந்து சுட்டு வரும்.

இச்சுட்டின் இயல்பை இலக்கணத்திற்கு வெளியே வேறொரு துறையிலும் காணலாம். கணிப்பொறியின் நினைவகத்தில் உள்ள பொருள்களும் ஒன்றையொன்று சுட்டியே தொழில் புரிகின்றன. ஆங்கும், சுட்டப்பட்ட பொருள் மறைந்தபின் சுட்டு மட்டும் எஞ்சி நிற்குமாயின் பெருங்கேடு விளையும். அக்கேட்டை விலக்க அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று மென்சுட்டு. ஆங்கிலத்தில் வீக் ரெஃபரன்ஸ் என வழங்கும் இதனை, ஒரு நிரல்மொழியைச் சி மொழியினால் விரிவாக்குவோர் எங்ஙனம் கையாளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இஃது எற்றுக்கு எனின், கூறுதும். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுதற்கென முத்தையா அண்ணாமலை என்பார் எழில் என்னும் நிரல்மொழியை ஆக்கினர். அதனை விளக்கும் கட்டுரை 2009இல் வெளிவந்தது. அம்மொழி பைத்தான் மொழியின்மேற் கட்டப்பட்டது. பைத்தானோ சி மொழியின்மேல் நிற்பது. மேன்மாடத்தில் தமிழ் இனிது உலவவேண்டுமாயின், அடித்தளத்தின் இயல்பை நம்முள் சிலரேனும் அறிந்திருத்தல் கடமையாம்.

1. ஆலை வாயிற் பதிவேடு

அருவமான கருத்தை அறிதற்குக் கண்கூடான ஓர் உவமை துணைசெய்யும். சென்னையினின்றும் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடைதற்கு முன்னர்த் தண்டலம் என்னும் ஊர் உளது. அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி கடந்த முப்பதாண்டுகளுக்குள் பெருந்தொழில் நிலையமாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் ஆக்கத் தொடங்கினர். ஒரகடத்தில் 2010இல் ரெனோ, நிசான் என்னும் இரு நிறுவனத்தாரின் கூட்டாலை எழுந்தது. இவ்வாலைகளுக்கு உறுப்புக்களைச் சுமந்துவரும் லாரிகள் தண்டலத்துச் சாலையில் இரவும் பகலும் செல்லக் காணலாம்.

இத்தகைய ஆலை ஒன்றினுள் ஒரு லாரி நுழைகின்றது என்று கொள்வோம். வாயிற்காவலர் தம் பதிவேட்டில் வண்டியின் எண்ணையும், வந்த நேரத்தையும், அது நிற்கும் மேடையையும் எழுதிக்கொள்வர். எட்டாம் மேடையில் நின்ற வண்டியின் சக்கரத்திற்குத் தொழிலாளர் கட்டை கொடுப்பர். சரக்கு இறக்கி முடியுமளவும் அக்கட்டை எடுக்கப்படாது. கட்டை உள்ளவரை வண்டி நகராது.

ஈண்டு அவ்வண்டியோடு இருவகைத் தொடர்புகள் உள்ளமை காண்க. பதிவேடு வண்டியை அறிகின்றது; ஆயின் அதனைத் தடுத்து நிறுத்துவதில்லை. வண்டி புறப்படும்போது பதிவேட்டு வரி அடிக்கப்படும், அவ்வளவே. சக்கரக் கட்டையோ வண்டியைப் பற்றி நிறுத்துகின்றது. கட்டை போன்றது வன்சுட்டு. பதிவேட்டு வரி போன்றது மென்சுட்டு.

இவ்விரண்டையும் மயங்கக் கொள்வதனால் வரும் தீங்குகள் இரண்டு. சரக்கு இறக்கிய பின்னரும் கட்டையை எடுக்க மறந்தால், வண்டி அங்கேயே நிற்கும்; மேடை அடைபடும்; பின்வரும் வண்டிகள் சாலைவரை வரிசையாய் நிற்கும். இது முதற்றீங்கு. கட்டையும் கொடாது, பதிவேட்டையும் நோக்காது, 'நம் வண்டி எட்டாம் மேடையில் நிற்கின்றது' என்று நினைவில் மட்டும் கொண்டு ஒருவன் சிறிது நேரங்கழித்து வருவானாயின், அவ்வண்டி போய், அதே மேடையில் வேறொரு வண்டி வந்து நிற்றல் கூடும். அவன் பிறர் சரக்கை இறக்குவான். இது இரண்டாந்தீங்கு. முன்னையதினும் பின்னையது கொடிது. முன்னையது கண்ணுக்குப் புலனாகும்; பின்னையது செய்வானுக்கே தெரியாது நிகழும்.

கணிப்பொறியின் நினைவகத்தில் மேடை எண்ணுக்கு ஒப்பானது முகவரி. சி மொழியில் ஒரு பொருளின் முகவரியை மட்டும் குறித்து வைப்பது நினைவில் மேடை எண்ணை வைத்திருப்பதற்கு ஒப்பாகும். அதனை மென்சுட்டு என்று கருதுவோரும் உளர், அஃது உண்மையன்று. வெறும் முகவரி, பொருள் போயிற்று என்பதைத் தானே அறியாது. மென்சுட்டு அதனை அறியும். இவ்வேறுபாடே இக்கட்டுரை முழுவதற்கும் உயிர்நாடி என்க.

2. சுட்டெண்

பைத்தான் மொழியைக் கைடோ வான் ராசம் என்னும் டச்சு நாட்டறிஞர் 1991இல் வெளியிட்டனர். அதன் முதன்மை வடிவம் சி மொழியில் எழுதப்பட்டது. விரைவு வேண்டுமிடத்தும், முன்னரே சி மொழியில் உள்ள நூலகங்களைப் பயன்படுத்த வேண்டுமிடத்தும், புதிய பொருள்வகைகளைச் சி மொழியில் எழுதிப் பைத்தானோடு இணைத்தல் கூடும். இதுவே விரிவாக்கம் எனப்படும்.

பைத்தானின் ஒவ்வொரு பொருளும் தன் தலைப்பகுதியில் இரண்டு செய்திகளைத் தாங்கும். தன்னைப் பற்றி நிற்கும் வன்சுட்டுக்கள் எத்துணை என்னும் எண் ஒன்று. தன் வகை இன்னது என்னும் குறிப்பு மற்றொன்று. 64 பிட்டுக் கணினியில் பொதுவாக ஒவ்வொன்றும் 8 பைட்டு இடங் கொள்ளும். புதிதாய் ஒருவர் பொருளைப் பற்றும்போது எண் ஒன்று கூடும். விடும்போது ஒன்று குறையும். சுன்னத்தை அடைந்தவுடன் பொருள் அழிக்கப்பட்டு அதன் இடம் பிறர்க்கு அளிக்கப்படும். இம்முறையை 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் என்பார் எடுத்துரைத்தனர். அவ்வாண்டிலேயே ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழிக்கென, எட்டவியலாத பொருள்களைத் தேடிக் களையும் குப்பைநீக்கு முறையை வெளியிட்டனர். பிற்கால மொழிகள் பலவும் இவ்விரு முறைகளுள் ஒன்றையோ இரண்டையுமோ தழுவியனவே.

பைத்தானில் எழுதுவோன் இவ்வெண்ணைப் பற்றிக் கவலுறான். மொழியே அவன்பொருட்டுக் கூட்டியும் கழித்தும் கொள்ளும். சி மொழியில் விரிவாக்கம் எழுதுவோனுக்கு அக்காவல் இல்லை. பற்றுந்தோறும் 'இன்க்ரெஃப்' என்னும் ஆணையையும், விடுந்தோறும் 'டெக்ரெஃப்' என்னும் ஆணையையும் அவனே இடல்வேண்டும். அவன் கைக்கு வரும் சுட்டுக்களும் இருவகைய. சில உரிமையாய் வரும். அவற்றைப் பயன்படுத்தியபின் விடுவது அவன் கடன். சில இரவலாய் வரும். அவற்றை விடுதற்கு அவனுக்கு உரிமையில்லை. நெடிது வைத்திருத்தற்கும் உரிமையில்லை.

விடவேண்டியதை விடாதொழிந்தால் யாதாம்? ஒரு கணக்கினால் காண்போம். ஆலை ஒன்றில் ஓர் உறுப்பை அளந்து பதியும் நிரல் நொடிக்குப் பத்துமுறை இயங்குகின்றது என்றும், ஒவ்வொரு முறையும் 200 பைட்டு அளவுள்ள ஒரு பொருளை விட மறக்கின்றது என்றும் கொள்க. நொடிக்கு 2,000 பைட்டு. ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆகவே நாளொன்றுக்கு 17,28,00,000 பைட்டு வீணாகும். ஆறு நாளில் நூறு கோடி பைட்டைத் தாண்டும். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துப் 'பிழையில்லை' என்று சான்றளித்த நிரல், மூன்று முறைமாற்றும் ஓயாது ஓடும் ஆலையில் ஒரு கிழமைக்குள் நினைவகத்தை நிரப்பித் தானும் நின்று பிறவற்றையும் நிறுத்தும். வகுப்பறையில் சிறு குற்றமாய்த் தோன்றுவது தொழிற்சாலையில் ஒருநாட் கூலியாய் முடிதலும் உண்டு.

3. வட்டத்துட் சிக்கல்

கூட்டலும் கழித்தலும் பிழையின்றிச் செய்தவிடத்தும் இம்முறைக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. அதனை ஹெரால்டு மக்பெத் என்பார் 1963இலேயே எடுத்துக் காட்டினர். ஒன்றையொன்று பற்றி நிற்கும் இரு பொருள்களின் எண் ஒருபோதும் சுன்னமாகாது என்பதே அக்குறை.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 1,04,405 சொற்கள் உள. அதனைக் கணினிக்குள் கொணர்ந்து, சொல்லாராய்ச்சிக்கெனச் சி மொழியில் ஒரு விரிவாக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'செய்' என்னும் பகுதிக்கு ஒரு பொருள். அதனினின்றும் பிறந்த செயல், செய்கை, செய்தி, செய்யுள் என்னும் சொற்களுக்குத் தனித்தனிப் பொருள்கள். பகுதியை வினவினால் அதன் கிளைச்சொற்களைக் கூறவேண்டும். கிளைச்சொல்லை வினவினால் அதன் பகுதியைக் கூறவேண்டும். ஆதலின் பகுதி கிளைகளையும், கிளைகள் பகுதியையும் சுட்டுதல் இன்றியமையாதது.

இருபாலும் வன்சுட்டு வைத்தால், வெளியிலுள்ள எவரும் அச்சொற்களை வேண்டாது விட்ட பின்னரும், பகுதியின் எண்ணைக் கிளைகளும், கிளைகளின் எண்ணைப் பகுதியும் சுன்னமாகாது காக்கும். யாருக்கும் பயன்படாது, எவராலும் எட்டப்படாது, அவை நினைவகத்தில் தேங்கும்.

இதற்கெனப் பைத்தானில் ஒரு குப்பைநீக்கி இல்லையோ எனின், உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 2.0 பதிப்பு முதலாக, வட்டமாய்ப் பிணைந்து தேங்கியவற்றைத் தேடிக் களையும் கருவி அம்மொழியில் உளது. ஆயினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் மூன்று காரணம்பற்றிப் பொருந்தாது. முதலாவது, சி மொழியில் எழுதப்பட்ட வகை தன்னுள் எவ்வெச் சுட்டுக்கள் உள என்பதைத் தானே அக்கருவிக்கு அறிவித்தல் வேண்டும். அறிவியாதாயின் கருவி அதனுள் நுழைந்து காணமாட்டாது. இரண்டாவது, அக்கருவி தன் காலத்தில் வருமேயன்றி நாம் வேண்டிய காலத்தில் வாராது. திறந்த கோப்போ தரவுத்தள இணைப்போ அதுகாறும் மூடப்படாது கிடக்கும். மூன்றாவது, பைத்தானுக்குப் புறம்பான சி நூலகம் ஒன்று ஒரு பொருளைப் பற்றியிருக்குமாயின் அப்பற்று அக்கருவியின் கண்ணுக்குப் புலப்படாது.

எனவே வட்டத்தை ஓரிடத்தில் தளர்த்திவிடுதலே நேர்வழியாம். அவ்விடத்தில் வைப்பதே மென்சுட்டு. பைத்தானில் இது 2001இல் வெளிவந்த 2.1 பதிப்பில் சேர்ந்தது. பிரெட் டிரேக் என்பார் எழுதிய 205ஆம் முன்மொழிவு இதற்கு மூலம்.

எப்பக்கத்தைத் தளர்த்துவது? 'பெரியது சிறியதைப் பற்றுக. சிறியது பெரியதை மெல்லச் சுட்டுக' என்று விடையிறுப்போர் பலர். ஆயின் அளவு இதற்கு அளவுகோல் அன்று. எதனை இன்றி எது தொழிற்படாது என்று வினவுதல் வேண்டும். 'செயல்' என்னும் சொல்லைக் கையில் வைத்திருக்கும் ஆராய்ச்சியாளன் அதன் பகுதியை வினவுவான். அப்போது பகுதி அழிந்துபோயிருப்பின் விடை கூறவியலாது. ஆதலின் கிளை பகுதியைப் பற்றி நிற்றல் வேண்டும், அது வன்சுட்டு. பகுதிக்கோ எல்லாக் கிளைகளும் எப்பொழுதும் நினைவகத்தில் இருத்தல் வேண்டா. இருப்பவற்றை அறிந்தாற் போதும். இல்லாதவற்றை அகராதிக் கோப்பினின்றும் மீள எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அது மென்சுட்டு. சார்ந்து நிற்பது தான் சார்ந்ததைப் பற்றுக. சாரப்பட்டது தன்னைச் சார்ந்ததை அறிக. இதுவே பொதுவிதி.

4. மென்சுட்டுக்கு இடங்கொடுத்தல்

எல்லாப் பொருளையும் மெல்லச் சுட்டவியலாது. தன்னைச் சுட்டும் மென்சுட்டுக்களின் பட்டியைத் தாங்குதற்கு ஒவ்வொரு பொருளிலும் இடம் வேண்டும்; 64 பிட்டுக் கணினியில் அது 8 பைட்டு. எண்களைப் போலக் கணக்கின்றிப் பிறந்து மறையும் பொருள்களுக்கு அச்செலவு மிகை. ஆகலின் முழுவெண்ணையும் டியூப்பிள் என்னும் தொகையையும் பைத்தானில் மெல்லச் சுட்டலாகாது. லிஸ்ட்டும் டிக்ஷனரியும் தாமே மென்சுட்டை ஏலா. அவற்றினின்றும் கிளைத்த வகுப்புக்கள் ஏற்கும்.

சி மொழியில் நாம் ஆக்கும் வகை மென்சுட்டை ஏற்கவேண்டுமாயின், அதனை வெளிப்படையாய்க் கூறல் வேண்டும். பழைய முறை இது: பொருளின் கட்டமைப்பில் மென்சுட்டுப் பட்டிக்கென ஓர் இடம் ஒதுக்குக, பிறக்கும்போது அதனை வெறுமையாக்குக, அவ்விடம் பொருளின் தொடக்கத்தினின்றும் எத்துணைப் பைட்டு தள்ளியுளது என்பதை வகையின் விவரத்தில் எழுதுக. 2023இல் வெளிவந்த 3.12 பதிப்பு முதலாக, வகையின் கொடிகளுள் ஒன்றை உயர்த்தினாற் போதும். இடத்தை மொழியே பேணிக்கொள்ளும்.

அழிவு வேளையில் ஒரு முறைவைப்பு உண்டு; அதனைப் பிறழ்தல் ஆகாது. கட்டமைப்பில் நாமே இடம் ஒதுக்கிய வகையின் பொருள் ஒன்று அழிக்கப்படும்போது, அதன் உறுப்புக்களுள் எதனையும் சிதைக்கும் முன்னரே, அதன்மேல் உள்ள மென்சுட்டுக்கள் யாவற்றையும் வெறுமையாக்குதற்குரிய 'கிளியர் வீக்ரெஃப்ஸ்' என்னும் ஆணையை இடல்வேண்டும். என்னை? அழிக்கும் நடுவில் வேறு நிரற்பகுதிகள் இயங்குதல் கூடும். அவற்றுள் ஒன்று மென்சுட்டு வழியாக வந்து, பாதி சிதைந்த பொருளைக் கண்டு பற்றுமாயின், இல்லாத பொருளுக்கு உயிர் உண்டு என்று மயங்கும். வண்டி வாயிலைக் கடக்கும் முன்னரே பதிவேட்டு வரியை அடித்துவிடுதல் போல்வது இது.

5. மென்சுட்டைப் பயன்படுத்தல்

மென்சுட்டை ஆக்கும் ஆணைக்கு 'நியூரெஃப்' என்பது பெயர். சுட்டவேண்டிய பொருளையும், வேண்டுமாயின் ஓர் இறுதியறிவிப்பையும் அதற்குக் கொடுத்தல் வேண்டும். அது தருவதும் ஒரு பொருளே. அதற்கும் சுட்டெண் உண்டு. இவ்விடத்தில் மயங்குவோர் பலர். மென்சுட்டு தான் சுட்டும் பொருளைப் பற்றுவதில்லை. ஆயின் மென்சுட்டை நாம் பற்றி வைத்தல் வேண்டும். பதிவேட்டையே எரித்துவிட்டால் வண்டி போனமையை எவர் அறிவிப்பார்? மென்சுட்டு முன்னரே அழிந்துபோமாயின் இறுதியறிவிப்பும் வாராது.

இறுதியறிவிப்பு என்பது, சுட்டப்பட்ட பொருள் அழியும் வேளையில் அழைக்கப்படும் செயல். அதற்குக் கொடுக்கப்படுவது மென்சுட்டே. மறையும் பொருள் அன்று. ஆதலின் அதில் அப்பொருளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் நிகழ்த்தவியலாது. நம் பட்டியினின்றும் அவ்வரியை நீக்குதல் போன்ற சிறு பணியே அதற்குத் தக்கது. அதனுள் பிழை நேர்ந்தால் அப்பிழை அழைத்தோர்க்குச் செல்லாது, பிழைவாயிலில் அச்சிடப்பட்டு ஒழியும். எனவே இறுதியறிவிப்பைச் சுருங்கவும் பிழையறவும் எழுதுதல் நன்று.

இனி, மென்சுட்டின் வழியே பொருளை அடைதல் எங்ஙனம் எனின், அதற்கு முப்படி உண்டு. பொருள் உளதா என்று வினவுக. உளதாயின் அக்கணமே அதனை வன்சுட்டாய்ப் பற்றுக. பணி முடிந்தவுடன் விடுக. வினவுதலுக்கும் பற்றுதலுக்கும் இடையே இடைவெளி ஆகாது. 'வண்டி உளது' என்று பதிவேட்டிற் கண்டு, மேடைக்கு நடந்து சென்று கட்டை வைக்கும் முன்னரே வண்டி போய்விடுதல் கூடுமன்றோ?

நெடுங்காலம் வழங்கிய 'கெட்ஆப்ஜெக்ட்' என்னும் ஆணையில் இவ்விடைவெளி இருந்தது. அது பொருளை இரவற்சுட்டாகவே தந்தது. பொருள் இல்லையாயின் 'நன்' என்னும் வெறும்பொருளைத் தந்தது. இரவலாய்ப் பெற்றவன் உடனே தன் கையால் எண்ணைக் கூட்டவேண்டும். கூட்டாது வேறொரு செயலை அழைப்பானாயின், அச்செயல் பொருளின் கடைசிப் பற்றை விட்டுவிடுதல் கூடும். மீளும்போது அவன் கையில் வெறும் முகவரியே எஞ்சும். பல இழைகள் ஒரே வேளையில் மெய்யாகவே இயங்கும் புதிய அமைப்பிலோ, உடனே கூட்டினும் காலங்கடந்ததாதல் கூடும். இக்காரணத்தால் 2024இல் வெளிவந்த 3.13 பதிப்பில் அவ்வாணை விலக்கத்தக்கது என அறிவிக்கப்பட்டு, 'கெட்ரெஃப்' என்னும் புதிய ஆணை தரப்பட்டது. இது வினவுதலையும் பற்றுதலையும் ஒன்றாய்ச் செய்கின்றது. பொருள் உளதாயின் வன்சுட்டைத் தந்து 1 என்று விடைகூறும். மறைந்ததாயின் 0 என்னும். பிழையாயின் -1 என்னும். இம்மூன்று விடையையும் தனித்தனி ஆராய்ந்தே மேற்செல்லுதல் வேண்டும்.

6. மெய்ந்நிரலில் ஒரு சான்று

இதுகாறும் கூறியவை ஏட்டளவில் நிற்பன அல்ல. எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தள நூலகத்தை ரிச்சர்டு ஹிப் என்பார் 2000இல் சி மொழியில் எழுதி வெளியிட்டனர். இன்று ஐஃபோன் ஒவ்வொன்றிலும் அஃது உண்டு; ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் இணைக்கப்பட்டு வெளிவரும் ஐஃபோன்களும் அதனைத் தாங்கியே செல்கின்றன. அந்நூலகத்தைப் பைத்தானில் வழங்குதற்கெனச் சி மொழியில் எழுதப்பட்ட விரிவாக்கம் 2006 முதல், 2.5 பதிப்பிலிருந்து, பைத்தானோடே வருகின்றது.

அதனுள் இரு பொருள்களை நோக்குக. ஒன்று இணைப்பு, அது தரவுத்தளக் கோப்போடு உள்ள தொடர்பு. மற்றொன்று கர்சர், அது வினவலை அனுப்பி, விடைகளை வரிவரியாய் எடுத்துத் தருவது. இணைப்பு இன்றிக் கர்சர் தொழிற்படாது. எனவே ஒவ்வொரு கர்சரும் தன் இணைப்பை வன்சுட்டாய்ப் பற்றுகின்றது. பயனர் இணைப்பை மறந்து கர்சரை மட்டும் வைத்திருப்பினும் இணைப்பு அழியாது. இணைப்புக்கும் தன் கர்சர்களை அறியவேண்டிய தேவை உண்டு. செய்த மாற்றங்களைக் கைவிட்டுப் பழைய நிலைக்கு மீளும்போது, பாதி படிக்கப்பட்ட விடைகளோடு நிற்கும் கர்சர்களுக்கு 'நும் விடைகள் இனிச் செல்லா' என்று அறிவித்தல் வேண்டும். பைத்தான் 2.7இன் மூலநிரலில் இணைப்பு தன் கர்சர்களின் பட்டி ஒன்றை வைத்திருந்தது. அப்பட்டியில் உள்ளவை மென்சுட்டுக்களே. மீளும் வேளையில் பட்டியை ஒவ்வொன்றாய் நோக்கி, உயிருள்ள கர்சர்க்கு மட்டும் குறியிட்டு, மறைந்தவற்றைத் தாண்டிச் சென்றது.

இருபாலும் வன்சுட்டு வைத்திருப்பின், ஒரு நாளில் ஆயிரம் வினவல் செய்யும் நிரலில் ஆயிரம் கர்சரும் இணைப்பு மூடுமளவும் நினைவகத்தில் தேங்கியிருக்கும். முகவரி மட்டும் வைத்திருப்பின், மறைந்த கர்சரின் இடத்தில் பிறந்த வேறு பொருளின்மேல் குறியிட்டு அதனைக் கெடுத்திருக்கும். மென்சுட்டு இரண்டையும் விலக்கிற்று.

இன்னுமொன்று நோக்கத்தக்கது. கர்சர் மறைந்தாலும் அதனைச் சுட்டிய மென்சுட்டு பட்டியில் வெற்று வரியாய் எஞ்சும். ஒவ்வொரு மறைவுக்கும் இறுதியறிவிப்பு வைத்து நீக்கலாம். அந்நிரலை எழுதினோர் வேறு வழியை மேற்கொண்டனர். ஏறத்தாழ 200 கர்சர்கள் பிறந்தபின் ஒருமுறை, பட்டியை நோக்கி, உயிருள்ளவற்றை மட்டும் புதுப் பட்டிக்கு மாற்றிப் பழையதை விட்டனர். ஆலைக் காவலர் ஒவ்வொரு வரியையும் அவ்வப்போது அடித்தும் வரலாம். பக்கம் நிறைந்தவுடன் உள்ள வண்டிகளை மட்டும் புதுப்பக்கத்தில் எழுதியும் கொள்ளலாம். இரண்டும் முறையே. எதுவும் செய்யாது விடுதலே குற்றம். மென்சுட்டும் இடங்கொள்ளும் பொருள் என்பதை மறவற்க.

7. முடிவுரை

விரிவாக்கம் எழுதப் புகும் மாணவன் தன் கட்டமைப்பில் உள்ள ஒவ்வொரு சுட்டின் எதிரிலும் நின்று மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இச்சுட்டு பொருளைப் பற்றவேண்டுமோ, அறிந்தாற் போதுமோ? பற்றுவதாயின், எப்போது யார் விடுவர்? அறிவதாயின், பொருள் மறைந்த செய்தி எவ்வழியே எட்டும்? இம்மூன்றிற்கும் விடையெழுத முடியாத சுட்டு எதுவாயினும் அது பின்னாளில் ஓர் இரவுப்பணியில் எவரையேனும் வருத்தும்.

ஆலைகளிலும் அலுவலகங்களிலும் நிரல்களைக் காக்கும் பணிக்குச் செல்வோர் நம் மாணவருள் பலர். பிறர் எழுதிய நிரல் காரணந் தெரியாது நாடோறும் பருத்து ஒரு கிழமையில் நின்றுபோமாயின், வேண்டாத வன்சுட்டு யாண்டு உளது என்று தேடுக. நாளொரு வகையாய்ப் பிதற்றி, ஒருகால் நன்கும் ஒருகால் தீங்கும் செய்யுமாயின், காவலற்ற முகவரி யாண்டு உளது என்று தேடுக. நோய் இரண்டாயினும் மருந்து ஒன்றே: பற்றவேண்டியதைப் பற்றி, அறியவேண்டியதை அறிந்து, இரண்டையும் மயங்காது எழுதுதல்.